சிவசங்கரி நம்ம பொண்ணு இல்லீங்க

தலைப்பைப் பார்த்த உடனே கல்லெடுக்க வேணாம். முழுசா படிச்சுட்டு எடுங்க. கல்லுக்கு எங்க பாலாத்துல பஞ்சமே இல்ல. தண்ணிதான் இல்ல.

2023 அக்டோபர் மாசம் சீனாவுல ஹாங்சோ ஆசிய விளையாட்டு நடந்துச்சு. பெண்கள் ஸ்குவாஷ் தனிநபர் இறுதிப் போட்டியில ஹாங்காங்கோட சான் சின் யுக்கை ஜெயிச்சு சிவசங்கரி சுப்பிரமணியம் தங்கம் வாங்கினாங்க. கொஞ்ச நேரத்துல வாட்ஸப் எல்லாம் பத்திக்கிச்சு. "தமிழச்சிடா!", "உலகை வென்ற நம் வீட்டுப் பெண்", "தமிழனின் ரத்தம்". 2024-ல லண்டன் கிளாசிக் போட்டியில அப்போதைய உலக நம்பர் 1 நூர் எல் ஷெர்பினியைத் தோற்கடிச்சு, இறுதியில ஹானியா எல் ஹம்மாமியையும் ஜெயிச்சு கோப்பையைத் தூக்கினாங்க. மறுபடியும் அதே ஃபார்வேர்டு, அதே ரத்தம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எந்த உரிமையில?

சிவசங்கரி 1999-ல பிறந்தவங்க. மலேசியாவுல கெடா மாநிலத்துப் பொண்ணு. மலேசியக் கொடி போட்ட சட்டையிலதான் ஆடறாங்க. நடுவுல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்சு, அங்க கல்லூரி அணிக்கும் ஆடினாங்க. இதுல சென்னை எங்க வருது? வேலூர் எங்க வருது? பேருல வருது. அப்பா பேரு சுப்பிரமணியம். அவ்ளோதான் நம்ம முதலீடு.

இப்போ ஒரு சின்ன பரீட்சை வைக்கிறேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, பெண்கள் ஸ்குவாஷ் அரையிறுதி. ஒரு பக்கம் சிவசங்கரி, இன்னொரு பக்கம் ஜோஷ்னா சின்னப்பா. சிவசங்கரிதான் ஜெயிச்சாங்க. ஜோஷ்னாவுக்கு வெண்கலம். அந்த மேட்ச்ல "நம்ம பொண்ணு" யாரு?

பாஸ்போர்ட் கணக்குல பார்த்தா ஜோஷ்னா. பேரு கணக்குல பார்த்தா சிவசங்கரி. நான் வேற கணக்கு சொல்றேன். எந்தத் தரையில ஓடி ஓடி முட்டி தேஞ்சுதோ, எந்தச் சுவத்துல பந்தடிச்சுக் கத்துக்கிட்டாங்களோ, அந்த ஊர்க் கணக்கு. அதுல ஜோஷ்னா அக்மார்க் சென்னை. பிறந்தது சென்னை, வளர்ந்தது சென்னை, ஆடக் கத்துக்கிட்டது சென்னை. ஆனா குடும்பம் குடகுக் குடும்பம். பேரு நம்ம காதுக்குத் தமிழ்ப் பேரு மாதிரி கேக்காது. அதனால ஃபார்வேர்டு கிடையாது.

ஜோஷ்னா 2005-லயே 19 வயசுக்குட்பட்டோர் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன் பட்டம் வாங்கினவங்க. இந்தியப் பொண்ணு ஒருத்தி அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துல ஜோஷ்னாவும் தீபிகா பள்ளிக்கலும் சேர்ந்து இரட்டையர்ல தங்கம் எடுத்தாங்க. காமன்வெல்த் ஸ்குவாஷ்ல இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். ரெண்டு பேருமே சென்னை. உங்க பக்கத்து வீட்டுல போய் கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியும்னு. தீபிகா பேரைச் சொன்னா "ஓ, தினேஷ் கார்த்திக் ஒய்ஃபா?"ன்னு கேப்பாங்க. இன்னும் கொஞ்சம் விவரமானவங்க "அவங்க மலையாளி இல்ல?"ம்பாங்க.

அந்த மலையாளி என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. தேசியப் போட்டியில ஆம்பளைக்கு ஒரு பரிசுத்தொகை, பொம்பளைக்கு அதைவிடக் கம்மியான தொகைன்னு இருந்துச்சு. இது சரியில்லைன்னு சொல்லி தேசியப் போட்டிக்கே போகாம வருஷக்கணக்கா ஒதுங்கி நின்னாங்க. சமமா தர்றோம்னு ஆனப்புறம்தான் 2016-ல திரும்பி வந்து ஆடி, பட்டத்தையும் வாங்கினாங்க. ரெட்டைக் குழந்தை பெத்துட்டு 2022-ல கோர்ட்டுக்குத் திரும்பி, ஒரே உலக இரட்டையர் சாம்பியன்ஷிப்ல ரெண்டு தங்கம். ஒண்ணு ஜோஷ்னாவோட, ஒண்ணு சவுரவ் கோஷலோட. நம்ம ஊர்ல வளர்ந்து, நம்ம கண்ணு முன்னாடி சண்டை போட்டு ஜெயிச்ச பொண்ணு. "நம்ம வீட்டுப் பெண்"னு யாரும் போஸ்டர் அடிச்சு நான் பாக்கல.

ஆக நம்ம அளவுகோல் இதுதான் மக்களே. கண்ணெதிர்ல வளர்ந்தவங்க அந்நியம். கண் காணாத தேசத்துல வளர்ந்தவங்க சொந்தம். காரணம், அவங்க அப்பா பேரு.

எங்க பக்கத்து வழக்கத்துலயே சொல்றேன். பள்ளிகொண்டாவுல இருந்து பஸ் ஏறி ஆம்பூர், வாணியம்பாடி போனா வழி முழுக்க ஷூ கம்பெனி. காலையில கம்பெனி பஸ்ஸுல நெருக்கியடிச்சு உக்காந்து போறவங்கள்ல முக்காவாசி பொம்பளைங்கதான். அவங்க தைக்கிற ஷூ கப்பல் ஏறிப் போகுது. போற இடத்துல அது மேல ஐரோப்பாக்காரன் பேரு. கடைக் கண்ணாடிக்குள்ள அது "அவன்" ஷூ. தோலைப் பதப்படுத்தின கழிவு மட்டும் நம்ம பாலாத்துக்கு. இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நம்மாளுங்க எல்லாருக்கும் கோவம் வரும். "உழைப்பு நம்மது, லேபிள் அவனுதா?"ன்னு.

நியாயமான கோவம். எனக்கும் அதே கோவம்தான். அப்போ இன்னொருத்தன் உழைச்சு உருவாக்கின வீராங்கனை மேல நம்ம லேபிளை ஒட்டறதுக்கு என்ன பேரு?

மலேசியா என்ன உழைச்சுதுன்னு கேப்பீங்க. சொல்றேன். 1998-ல கோலாலம்பூர்ல காமன்வெல்த் விளையாட்டு நடந்தப்போ புக்கிட் ஜாலில்ல தேசிய ஸ்குவாஷ் மையத்தைப் பயன்படுத்தினாங்க. விளையாட்டு முடிஞ்ச உடனே பூட்டுப் போட்டு, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடல. அதைப் பசங்களுக்குப் பயிற்சி இடமா வெச்சுக்கிட்டாங்க. அந்தக் காமன்வெல்த்துல 15 வயசுல ஆடின ஒரு பினாங்குப் பொண்ணு பேரு நிக்கோல் டேவிட். அதே வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டுல தங்கம். அப்புறம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் லிஸ் இர்விங்கிட்ட பயிற்சி. 8 தடவை உலக சாம்பியன். 2006-ல இருந்து 2015 வரைக்கும், ஏறக்குறைய 9 வருஷம், விடாம உலக நம்பர் 1. 2018 ஜகார்த்தா இறுதியில நிக்கோல் டேவிட்டும் சிவசங்கரியும்தான் மோதினாங்க. 35 வயசு அக்கா தங்கம், 19 வயசு தங்கச்சி வெள்ளி. ஒரு தலைமுறை ஆடி முடிக்கும்போது அடுத்த தலைமுறை எதிர்ல நிக்குது. இதுக்குப் பேருதான் அமைப்பு. ரத்தத்துல வர்ற சமாச்சாரம் இல்ல இது.

ரத்தம்னே பேசுவோம், சரி. நிக்கோல் டேவிட்டோட அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி. அப்போ அவங்க 8 உலகப் பட்டத்துல நமக்கு நாலு, சீனாவுக்கு நாலா? பாகப்பிரிவினைக்கு எந்தத் தாசில்தாரைக் கூப்பிடறது? :-)

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இந்த ரத்தக் கணக்கை நம்ம அரசாங்கமே ஒத்துக்காது. இந்தியச் சட்டத்துல இரட்டைக் குடியுரிமை கிடையாது. 2005-ல இருந்து ஓ.சி.ஐ. அட்டை குடுக்கறாங்க. அதை வெச்சுக்கிட்டு விசா இல்லாம வரலாம் போகலாம், ஓட்டு போட முடியாது. 2008-ல மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கறவங்க மட்டும்தான் இந்தியாவுக்கு ஆடலாம்னு கறாரா சொல்லிடுச்சு. அதுல அடிபட்டது யாரு? நம்ம விஜய் அமிர்தராஜோட பையன் பிரகாஷ் அமிர்தராஜ். அமெரிக்காவுல பிறந்தவர், அமெரிக்கப் பாஸ்போர்ட். 2003-ல இருந்து டேவிஸ் கோப்பையில இந்தியாவுக்காக ஆடிக்கிட்டு இருந்தவர். அந்த வருஷம்தான் சானியா மிர்சாவோட சேர்ந்து பெய்ஜிங் ஒலிம்பிக்ல இரட்டையர் ஆடின சுனிதா ராவுக்கும் அதே கதவு மூடிச்சு.

அந்த விதி சரியா தப்பான்னு தனியா ஒரு பஞ்சாயத்து வைக்கலாம். என் கட்சி, விதி இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். 2025-ல பெங்களூரு கால்பந்து அணியோட ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு இந்தியக் குடிமகன் ஆனார். அவர் அம்மா மும்பையில பிறந்தவங்க. அவர் ஒண்ணை விட்டாரு, ஒண்ணை எடுத்தாரு, விலை குடுத்தாரு. அது நேர்மை. நாம விலையே குடுக்காம "நம்மாளு"ங்கறோம். ரயன் வில்லியம்ஸ் மாதிரி ஒருத்தர் பாஸ்போர்ட்டை விடாம வந்தா "நீ வெளிநாட்டுக்காரன், ஆடக்கூடாது"ன்னு சொல்ற நாடு, அவர் வெளிநாட்டுக்காக ஆடி ஜெயிச்சா மட்டும் "நம்ம ரத்தம்"னு சொல்லுமா? ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும்.

இப்போ எதிர்க்கட்சி வாதத்துக்கு வரேன். என் கூடப் படிக்கிற ஒரு நண்பன் சொன்னான்: "டேய், கடல் கடந்து போனவங்க நம்ம சனம்டா. ஒரு சந்தோஷம் கூட படக்கூடாதா?"

படலாம்டா. தாராளமா படலாம். எனக்கும் அந்த லண்டன் மேட்ச்சைப் பத்திப் படிச்சப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுவும் நம்ம பழைய வட ஆற்காடு ஜில்லாவுல இருந்துதான் கங்காணி கூட்டிட்டுப் போய் எத்தனையோ பேரு மலாயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினாங்க. அந்தப் பஞ்சத்துல போனவங்க வாரிசுங்க மேல நமக்குப் பாசம் இருக்கறதுல தப்பே இல்ல. ஆனா பாசம் வேற, உரிமை கொண்டாடறது வேற.

நம்ம ஊர் வழக்கத்துல சொந்தம்னா என்ன? விசேஷத்துக்கு வந்தா மொய் எழுதணும். சாவுக்கு வந்து தோள் குடுக்கணும். மொய்யும் எழுதாம, சாவுக்கும் வராம, பந்தி போடும்போது மட்டும் முதல் வரிசையில உக்கார்றவரை நம்ம வீட்டுல என்னன்னு சொல்லுவாங்க? அந்த வார்த்தையை இங்க எழுத முடியாது.

2022 ஜூன்ல சிவசங்கரிக்குக் கார் விபத்து. பலமான அடி. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கை நழுவிப் போச்சு. திரும்ப ஆட முடியுமான்னே கேள்வி இருந்த நேரம். அப்போ "நம் வீட்டுப் பெண் நலம் பெறுக"ன்னு ஒரு ஃபார்வேர்டு வந்துச்சா உங்களுக்கு? எனக்கு வரல. அடுத்த வருஷம் தங்கம் வாங்கினப்போ ஏழு குரூப்ல வந்துச்சு. படுக்கையில கிடந்தப்போ மலேசியப் பொண்ணு, மேடையில நின்னப்போ தமிழச்சி. அவங்களைக் கட்டில்ல இருந்து கோர்ட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்ததுல நமக்கு ஒரு பைசா பங்கு கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். மொய்க் கணக்குப் பார்த்தா நாமதான் மலேசியாவுக்குப் பாக்கி. 2000-ல சென்னையில ஸ்குவாஷ் அகாடமி ஆரம்பிச்சாங்க. அங்க பல வருஷம் பயிற்சி குடுத்தவர்ல முக்கியமானவர் மேஜர் மணியம். மலேசியாக்காரர்! சைரஸ் போஞ்சாவும் அவரும் சேர்ந்து பட்டை தீட்டினதுலதான் ஒரு தலைமுறையே வந்துச்சு. கொல்கத்தாவுல இருந்து சவுரவ் கோஷல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு சென்னைக்கு வந்தது இதுக்குத்தான். இப்போ சொல்லுங்க, யாரு யாருக்குக் கடன்?

அந்த அகாடமி எதைக் காட்டுது? இடம் குடுத்தா, ஆள் வருவாங்க. குடகுல இருந்தும் வருவாங்க, கேரளாவுல இருந்தும் வருவாங்க, கொல்கத்தாவுல இருந்தும் வருவாங்க. 2025 டிசம்பர்ல சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மால்ல கண்ணாடி கோர்ட் போட்டு நடத்தின உலகக் கோப்பையில இந்தியா ஹாங்காங்கை 3-0ன்னு ஜெயிச்சு முதல் தடவையா கோப்பை வாங்குச்சு. ஜோஷ்னா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனாஹத் சிங். இந்த நாலு பேர்ல மூணு பேரு சென்னையில ஆடி வளர்ந்தவங்க. ஜோஷ்னாவுக்கு அப்போ 39 வயசு. மாலுக்குள்ள துணி வாங்க வந்தவங்க எட்டிப் பார்த்திருப்பாங்க. உலகக் கோப்பைங்க! கிரிக்கெட்ல இருந்திருந்தா எங்க டோல்கேட்ல வண்டி நகர்ந்திருக்காது.

ரத்தம் இல்ல, இடம்தான்ங்கறதுக்கு ரொம்ப தூரம் போக வேணாம். வேலூர் சத்துவாச்சாரிக்குப் போங்க. பளு தூக்கற ஊரு. சதீஷ் சிவலிங்கம் அங்க இருந்து போய் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த்துலயும் 77 கிலோ பிரிவுல தங்கம் எடுத்தார். அவர் அப்பாவும் பளு தூக்கினவர். சத்துவாச்சாரித் தண்ணியில இரும்புச் சத்து இருக்குன்னா நினைக்கிறீங்க? பசங்க போய் பாரைத் தொட ஒரு இடம் இருந்துச்சு, சொல்லிக்குடுக்க பெரியவங்க இருந்தாங்க. பள்ளிகொண்டாவுக்கும் அதுக்கும் அரை மணி நேரப் பயணம். எங்க ஊர்ப் பசங்க எலும்பு என்ன களிமண்ணா? இல்ல. எங்களுக்கு அந்த இடம் இல்ல, அவ்ளோதான்.

நான் படிச்ச ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடு. பத்தாவதுக்கு வந்தப்புறம் ஒண்ணைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கிட்டார், ஒண்ணை சயின்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க. அந்த கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா. நானூறு மீட்டர் ஓட்டத்துல பசங்களையே முந்துவா. மண்டலப் போட்டிக்கு அனுப்பணும்னா ஸ்பைக் ஷூ வேணும்னாங்க. வாங்கல. ப்ளஸ் டூ முடிச்சதும் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டா. இப்போ ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறாளோ தெரியாது. அவளுக்கு மட்டும் ஒரு ஜோடி கிடைக்கல.

அவளைப் பத்தி எந்தக் குரூப்லயும் ஃபார்வேர்டு வராது. அவ தமிழச்சி இல்லையா? அவ ரத்தம் என்ன குரூப்பு?

என்ன செய்யலாம்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு ஸ்குவாஷ் கோர்ட்டோட அளவு என்ன தெரியுமா? நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். எங்க ஊர்க் கல்யாண மண்டபத்து சாப்பாட்டு ஹால் அளவுக்குள்ள ரெண்டு மூணு கோர்ட்டு அடங்கும், உயரம் மட்டும் கொஞ்சம் கூட வேணும். புல்லு வேணாம், மழை வந்தா நிறுத்த வேணாம், ரெண்டு பேரு இருந்தா ஆட்டம். கறை விடாத ரப்பர் அடி வெச்ச ஷூ வேணும். ஷூவுக்கா எங்க பக்கம் பஞ்சம்?

பணம்? 2013 கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல நிகர லாபம் பாக்கற கம்பெனி, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகத்துக்குச் செலவு பண்ணணும். எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்ங்கற பட்டியல்ல கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கு. ஸ்குவாஷ் 2028 லாஸ் ஏஞ்சலஸ்ல ஒலிம்பிக் விளையாட்டாவே ஆகுது. 2023-ல மும்பையில நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்துலதான் அதை முடிவு பண்ணாங்க. ராணிப்பேட்டையில இருந்து வாணியம்பாடி வரைக்கும் தோல் காசு ஓடற இந்தப் பட்டையில நாலு கோர்ட்டு கேக்கறது பேராசையா? ஸ்குவாஷே வேணாம்னா ஓட்டத்துக்கு ஒரு நல்ல தடம் போடுங்க, கபடிக்கு ஒரு மேட் போடுங்க. பி.டி. பீரியடைத் திருப்பிக் குடுங்க. அதுக்கு காசே வேணாம்.

இதைக் கேக்கத்தான் ஆளில்ல. ஏன் கேக்கணும்? மலேசியாக்காரன் வரிப்பணத்துல, மலேசியா கோர்ட்டுல, ஒரு பொண்ணை வளர்த்துக் குடுக்கறான். நமக்கு விரலை அசைச்சு ஃபார்வேர்டு பண்ணா பெருமை இலவசமா கிடைக்குது. இலவசப் பெருமை கிடைக்கற வரைக்கும் எவனும் கோர்ட்டு கேக்க மாட்டான். என் கோவமே அதுக்குத்தான். சிவசங்கரி மேல எனக்கு மலையளவு மரியாதை. அந்த மரியாதையிலதான் சொல்றேன், அவங்க மலேசியாவோட வீராங்கனை. அவங்க ஜெயிச்சா கை தட்டுவோம். ஜோஷ்னாவோட மோதினா ஜோஷ்னாவுக்குக் கை தட்டுவோம்.

அடுத்த ஃபார்வேர்டு வரும்போது அனுப்பினவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, நம்ம ஊர்ல பொம்பளைப் பிள்ளைங்க விளையாடற இடம் எது?" பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க. நானூறு மீட்டர் ஓடினவளோட தங்கச்சி இப்போ எட்டாவது படிக்கிறா. அவளும் நல்லா ஓடறா.